ஹைபரி: நாலு பக்கமும் வீடு, நடுவுல ஒரு கிரவுண்ட்

லண்டன் ட்யூப்ல பிக்கடில்லி லைன் புடிச்சு வடக்கால போனா ஆர்சனல்னு ஒரு ஸ்டேஷன் வரும். எறங்கி பிளாட்ஃபார்ம் சுவத்தப் பாத்தா பேரு வேற இருக்கும், டைல்ஸ்லயே பதிச்சு பெரிய பெரிய எழுத்துல கில்லெஸ்பி ரோடுன்னு. போர்டுல ஒரு பேரு, சுவத்துல ஒரு பேரு. மேல ஏறி வெளிய வந்தா வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டின பழைய வீடுங்க, கொஞ்ச தூரம் நடந்து அவெனெல் ரோட்டுக்குள்ள திரும்பினா அந்த வீடுகளுக்கு நடுவுல திடீர்னு வெள்ளையா ஒரு பிரம்மாண்டமான முகப்பு நிக்கும், மேல பீரங்கி சின்னம். பாத்தா இன்னும் உள்ள மேட்ச் நடக்குதோன்னு தோணும். ஆனா உள்ள கிரவுண்ட் கிடையாது, 2006 மே மாசத்தோட ஆட்டம் நின்னுபோச்சு, இப்ப அது அப்பார்ட்மென்ட்.

ஆர்சனல் ஃபுட்பால் கிளப் அதோட பழைய கிரவுண்டான ஹைபரிய ஏன் விட்டுப் போச்சுன்னு கேட்டா பெரும்பாலும் காசுக்காகன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. காசு காரணம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்குப் பின்னாடி அந்த எடத்தோட வடிவம் இருக்கு. நாலு பக்கமும் வீடு சூழ்ந்த ஒரு சின்னக் கிரவுண்ட். அந்த நெருக்கம்தான் ஹைபரிக்கு அழகு, கடைசியில கழுத்த நெரிச்சதும் அதே நெருக்கம்தான். இத 1913லேருந்து பாத்தாதான் புரியும்.

மொதல்ல ஒண்ணு, ஆர்சனல் வடக்கு லண்டன் கிளப்பே கிடையாது. 1886ல தேம்ஸ் ஆத்துக்குத் தெற்க, வுல்விச்ல இருந்த ராயல் ஆர்சனல் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளிங்க சேந்து ஆரம்பிச்ச டீம். ஊரு ஓரமா கெடந்த எடம், கூட்டம் வராது, வருமானம் இல்ல, 1910ல கிட்டத்தட்ட திவாலாகுற நெலம. அப்பதான் ஹென்றி நாரிஸ்னு ஒரு ரியல் எஸ்டேட் ஆளு கிளப்ப கையில எடுத்தாரு. மொதல்ல ஃபுல்ஹாம் கிளப்போட இணைக்கப் பாத்தாரு, லீக் ஒத்துக்கல. சரி, ஜனம் நம்மள தேடி வரலேன்னா ஜனம் இருக்குற எடத்துக்கு நாம போவோம்னு லண்டன் பூரா எடம் தேடி, கடைசியில இஸ்லிங்டன்ல ஹைபரிங்குற ஏரியாவுல வந்து நின்னாரு. அங்க ஏன்னா, 1906லயே கில்லெஸ்பி ரோடு ட்யூப் ஸ்டேஷன் வந்துடுச்சு, ஊரோட எந்த மூலையிலேருந்தும் வந்துடலாம், சுத்தி நெருக்கமா குடியிருப்பு. ஒரு கிரவுண்டுக்கு வேண்டிய ரெண்டு விஷயம், ரயிலும் ஜனமும், ரெண்டுமே காலடியில இருந்துச்சு.

எடத்துக்குச் சொந்தக்காரங்க செயின்ட் ஜான்ஸ் காலேஜ்னு பாதிரியாருக்குப் படிக்கிற ஒரு கல்லூரி, அவங்க வெளையாட்டு மைதானம் அது. 21 வருஷக் குத்தகை, 20,000 பவுண்டு, கூடவே கண்டிஷன்: கிறிஸ்துமஸ் அன்னிக்கும் பெரிய வெள்ளி அன்னிக்கும் மேட்ச் ஆடக்கூடாது, கிரவுண்டுக்குள்ள மது கூடாது. பத்திரத்துல கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பே கையெழுத்து போட்டாரு. அக்கம்பக்கத்து ஜனங்க கடுமையா எதிர்த்தாங்க, கவுன்சில் எதிர்த்துச்சு, ஏற்கனவே அந்தப் பக்கம் கட வச்சிருந்த டாட்டன்ஹாமும் கிளாப்டன் ஓரியன்ட்டும் எங்க ஏரியாவுல இவன் எதுக்குன்னு கேட்டாங்க, லீக் தலையிட முடியாதுன்னு கைய விரிச்சுடுச்சு. டாட்டன்ஹாம் ஆர்சனல் பகைய நாம ஒரே ஊரு டீமுங்க மோதுற டெர்பின்னு கொண்டாடுறோமே, அது இந்தக் குத்தகைப் பத்திரத்துலேருந்து மொளச்சது.

1913 செப்டம்பர் 6, மொத மேட்ச், செகண்ட் டிவிஷன், எதிரணி லெஸ்டர் ஃபோஸ். ஸ்டேடியம் டிசைன் ஆர்ச்சிபால்ட் லீச், அந்தக் காலத்துல பிரிட்டன்ல பாதி கிரவுண்ட கட்டினவரு, ஆனா அன்னிக்கி வேல முடியவே இல்ல. ஒரு பக்கம் ஸ்டாண்டு, மத்த மூணு பக்கம் மண்ண மேடாக் கொட்டி வச்சிருந்த நின்னு பாக்குற கேலரி. ஆர்சனலுக்கு ஹைபரியில மொத கோல் போட்ட ஜார்ஜ் ஜோபிக்கு அன்னிக்கே அடிபட்டுச்சு, சரியான மருத்துவ வசதி கிரவுண்ட்ல இல்ல, பக்கத்துல பால் ஊத்துறவரோட வண்டியக் கேட்டு வாங்கி அதுல படுக்க வச்சுத்தான் தள்ளிட்டுப் போனாங்க. மேட்ச் 2-1 ஜெயிச்சாச்சு. இந்த லெஸ்டர், இந்த 2-1, ரெண்டையும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

1919ல நடந்தது ஹைபரி கதையில தவிர்க்க முடியாத ஒண்ணு. போர் முடிஞ்சு லீக் திரும்ப ஆரம்பிக்கிறப்ப ஃபர்ஸ்ட் டிவிஷன 20லேருந்து 22 டீமா ஆக்குனாங்க. போருக்கு முன்னாடி கடைசி சீசன்ல ஆர்சனல் செகண்ட் டிவிஷன்ல மொத ரெண்டு எடத்துல கூட இல்ல. இருந்தும் ஓட்டெடுப்புல 18 ஓட்டு ஆர்சனலுக்கு, 8 ஓட்டு டாட்டன்ஹாமுக்கு. டாட்டன்ஹாம் கீழ, ஆர்சனல் மேல. நாரிஸ் உள்ளுக்குள்ள என்ன வேல பாத்தாருன்னு நூறு வருஷமா சண்ட போட்டுட்டு இருக்காங்க. நான் ஆர்சனல் பக்கம்தான், ஆனாலும் இந்த ஒரு விஷயத்துல டாட்டன்ஹாம்காரன் கோவத்துல நியாயம் இருக்குன்னு நெனைக்கிறேன். அன்னிக்கி மேல வந்த டீம் இதுவரைக்கும் கீழ போகவே இல்ல. 1925ல 64,000 பவுண்டு குடுத்து எடத்த மொத்தமா வாங்கிட்டாங்க, கிறிஸ்துமஸ் தடையும் அதோட போச்சு.

அதே 1925ல ஹட்டர்ஸ்ஃபீல்ட்லேருந்து ஹெர்பர்ட் சாப்மன் மேனேஜரா வந்தாரு, ஹைபரிய ஹைபரியா ஆக்குனவரு இவருதான். நைட்ல ஃப்ளட்லைட் போட்டு ஆடணும்னு முப்பதுகள் ஆரம்பத்துலயே சொன்னாரு, ஃபுட்பால் அசோசியேஷன் அனுமதி குடுக்கல, ஹைபரியில லைட் எரிஞ்சு மேட்ச் நடக்க 1951 ஆச்சு. 45 நிமிஷம் மட்டும் காட்டுற பெரிய கடிகாரம் ஒண்ணு வச்சாரு, இது ரெஃப்ரி அதிகாரத்துல கை வைக்கிறதுன்னு அதுக்கும் ஆட்சேபம், சரின்னு சாதாரண 12 மணிக் கடிகாரமா மாத்திட்டாங்க. அது மொதல்ல வடக்கு முனையில இருந்துச்சு, 1935ல அங்க கூரை போட்டப்ப தெக்கு முனைக்கு வந்துச்சு, அன்னிலேருந்து தெக்கு முனைக்குப் பேரே கிளாக் எண்ட்.

ஸ்டேஷன் பேரு மாத்துனதும் சாப்மன் வேலதான். கில்லெஸ்பி ரோடுன்னா யாருக்குத் தெரியும், ஆர்சனல்னு வைங்க, ரயில் மேப்ப பாக்குற ஒவ்வொருத்தனும் நம்ம பேரப் படிப்பான்னு ரயில்வேகாரங்கள விடாம நச்சரிச்சு, மேப்பு டிக்கெட்டு மெஷினு எல்லாத்தையும் மாத்த வச்சு, 1932 அக்டோபர் 31ல பேர மாத்திட்டாரு. லண்டன் ட்யூப்ல ஒரு ஃபுட்பால் கிளப்புக்காகவே பேரு வச்ச ஒரே ஸ்டேஷன் அதுதான். சுவத்து டைல்ஸ மட்டும் யாரும் தொடல, அதான் நான் மொதல்ல சொன்ன அந்த ரெண்டு பேரு.

அந்த 1932 டிசம்பர்லயே புது வெஸ்ட் ஸ்டாண்ட், கிளாட் வாட்டர்லோ ஃபெரியர் டிசைன், வேல்ஸ் இளவரசர் வந்து தெறந்து வச்சாரு. எதிர்ல ஈஸ்ட் ஸ்டாண்ட் 1936 அக்டோபர்ல வந்துச்சு, வில்லியம் பின்னி முடிச்சது, செலவு 1,30,000 பவுண்டு, அந்தக் காலத்துக்கு மயக்கம் வர்ற தொகை. அவெனெல் ரோட்டுப் பக்கம் பாக்குற அந்த வெள்ள முகப்பு இதோடதுதான், ஆர்ட் டெகோ பாணி, உள்ள நொழஞ்சா பளிங்கு பதிச்ச ஹால், அதான் மார்பிள் ஹால்ஸ்னு சொல்றது. அதுக்குள்ள ஜேக்கப் எப்ஸ்டீன் செஞ்ச சாப்மன் மார்பளவு சிலை. ஈஸ்ட் ஸ்டாண்ட சாப்மன் பாக்கல, 1934 ஜனவரி 6ல நிமோனியா வந்து செத்துட்டாரு. ஆர்சனல் முப்பதுகள்ல மொத்தம் அஞ்சு லீக் ஜெயிச்சுது, அதுல ரெண்டுதான் அவரு கண்ணால கண்டது.

வடக்கு முனையப் பத்தி ஒரு கதை, ஹைபரி பத்திப் பேசுற எல்லாரும் சொல்லிடுவாங்க. கேலரி மேட்ட உயத்துறதுக்கு மண்ணு பத்தல, அக்கம்பக்கத்துக்காரங்கள வீட்டுக் குப்பை, இடிபாடு எதுவா இருந்தாலும் கொண்டாந்து கொட்டுங்கன்னு கேட்டாங்களாம். ஒரு கரி வண்டிக்காரரு வண்டியப் பின்னால தள்ளிட்டே போயி பள்ளத்தோட விளிம்புக்கு ரொம்பக் கிட்ட வந்துட்டாரு, வண்டியும் குதுரையும் சேந்து உள்ள விழுந்துடுச்சு, குதுரைக்கு பலமான அடி, அதுக்கு மேல அத வாழ விட முடியாதுன்னு கொன்னு, தூக்கவும் வழியில்லாம அங்கயே மண்ணப் போட்டு மூடிட்டாங்க. எவ்வளவு நெசமோ, தலமொற தலமொறயா அந்த மேட்டுல நின்னவங்க காலடியில ஒரு குதுரை இருக்குன்னு நம்பித்தான் நின்னாங்க.

கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். 1935 மார்ச் 9, சண்டர்லாண்டோட மேட்ச், 73,295 பேரு. கோலே இல்லாத 0-0. அதுக்கு முந்தின நவம்பர்ல இங்கிலாந்து இத்தாலி மேட்ச் இங்கதான் நடந்துச்சு, இத்தாலி அப்ப உலகச் சாம்பியன், இங்கிலாந்து டீம்ல ஏழு பேரு ஆர்சனல், 3-2 இங்கிலாந்து ஜெயிச்சுது, அடிதடியில அதுக்குப் பேரே பேட்டில் ஆஃப் ஹைபரி.

போர் வந்துச்சு, கிரவுண்ட ஏஆர்பி, அதாவது வான்தாக்குதல் பாதுகாப்பு நிலையமா எடுத்துக்கிட்டாங்க, 1941ல குண்டு விழுந்து வடக்குக் கூரை எரிஞ்சு போச்சு. அப்ப ஆர்சனல் எங்க ஆடுச்சு தெரியுமா, டாட்டன்ஹாமோட வைட் ஹார்ட் லேன்ல. முதல் உலகப்போர்ல டாட்டன்ஹாம் கிரவுண்ட அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப அவங்க ஹைபரிக்கு வந்து ஆடிட்டுப் போனாங்க, இது அதுக்குத் திரும்ப. இவ்வளவு பகைக்கு நடுவுல இது எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம்.

ஐம்பதுகள், அறுபதுகள நான் வேகமாத் தாண்டிடுறேன், ஆனா ரெண்டு தேதி சொல்லாம போக முடியாது. 1958 பிப்ரவரி 1ல மான்செஸ்டர் யுனைடெட் இங்க வந்து 5-4 ஜெயிச்சாங்க, அஞ்சு நாள் கழிச்சு ம்யூனிக்ல அவங்க விமானம் விழுந்துச்சு, அந்தச் சின்னப் பசங்க இங்கிலாந்து மண்ணுல கடைசியா ஆடுன மேட்ச் ஹைபரியிலதான். இன்னொண்ணு 1966 மே 21, புல்லு மேல ரிங் போட்டு முகமது அலியும் ஹென்றி கூப்பரும் சண்ட, ஆறாவது ரவுண்டுல கூப்பர் கண்ணு மேல கிழிஞ்சு ரத்தம், அலி ஜெயிச்சாரு.

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். எண்பதுகள்ல இங்கிலாந்து பூரா ரசிகன ரவுடின்னே பாத்த காலம், கிரவுண்டுக்கு கிரவுண்ட் கேலரி முன்னாடி கம்பி வேலி. ஆர்சனல் போட மாட்டேன்னு சொல்லிட்டாங்க. வேலி இல்லேன்னா எஃப்ஏ கப் செமி ஃபைனல் கெடயாதுன்னாங்க, பரவாயில்லன்னு விட்டுட்டாங்க. 1989 ஏப்ரல் 15ல ஷெஃபீல்ட் ஹில்ஸ்பரோ கிரவுண்ட்ல ஒரு செமி ஃபைனல், லிவர்பூல் ரசிகர் கூட்டம் கேலரிக்குள்ள நெரிஞ்சு, முன்னாடி வேலி, ஓட வழியில்ல, 97 பேரு செத்தாங்க. வேலி போட மறுத்த ஒரு கிளப்ப அன்னிக்கி மெத்தனம்னு நெனச்சவங்க இருந்திருப்பாங்க. என்னைக் கேட்டா, அந்த 93 வருஷத்துல ஆர்சனல் நிர்வாகம் எடுத்த முடிவுலயே உசந்தது அந்த மறுப்புதான், எந்தக் கோப்பையும் அதுக்கு ஈடில்ல.

அந்த சாவுக்குப் பின்னாடி வந்த டெய்லர் அறிக்கை, பெரிய கிளப் எல்லாம் நின்னு பாக்குற கேலரிய எடுத்துட்டு சீட்டு போடணும்னு சொல்லுச்சு. நியாயமான முடிவு. ஆனா கணக்குப் பாருங்க, ரெண்டு மூணு பேரு நிக்கிற எடத்துல ஒரு சீட்டுதான் போட முடியும். 1992ல நார்த் பேங்க்னு சொல்ற அந்தப் பழைய வடக்கு முனைக் கேலரிய இடிச்சாங்க, கட்டுற வரைக்கும் கோல் போஸ்டுக்குப் பின்னாடி ஓட்டையாத் தெரியக்கூடாதுன்னு ஒரு பெரிய சுவர்ப்படம் மாட்டுனாங்க, ஆயிரக்கணக்குல ரசிகர் மொகம் வரஞ்சு. அதுல ஒரு கறுப்பு மொகம் கூட இல்லங்கிறதப் பாத்து ஆளுங்க கேட்டாங்க, அப்புறம் திருத்தி வரஞ்சாங்க. அந்த ஏரியாவுல, அந்த டீம்ல எத்தன கறுப்பின ஆட்டக்காரங்க இருந்தாங்கன்னு யோசிச்சா இது சின்ன விஷயமில்ல. செலவுக்கு 1,100 பவுண்டும் 1,500 பவுண்டும் கட்டி பாண்ட் வாங்குனாத்தான் சீசன் டிக்கெட் வாங்குற உரிமைன்னாங்க, காலங்காலமா சில்லறைய எண்ணிக் குடுத்து நின்னு பாத்த தொழிலாளிக்கு அது கன்னத்துல அறஞ்ச மாதிரி. 1993ல புது நார்த் பேங்க் வந்துச்சு, எல்லாம் முடிஞ்சப்ப மொத்த எடம் 38,419. ஒரு காலத்துல 73,000 பேரு நின்ன கிரவுண்ட்.

சரி, பெருசாக்கிக்க வேண்டியதுதானேன்னா, எங்க போயி? கிழக்க அவெனெல் ரோடு, மேற்க ஹைபரி ஹில் வீடுங்களோட கொல்லப்பக்கம், வடக்க கில்லெஸ்பி ரோட்டு வீடுங்க, தெக்கயும் வீடு. ஈஸ்ட் ஸ்டாண்ட 1997ல பாதுகாக்கப்பட்ட கட்டடம்னு பட்டியல்ல சேத்துட்டாங்க, தொடக்கூடாது. விரிவாக்கணும்னா 25 வீட்ட இடிக்கணும்னு ஒரு திட்டம் வந்துச்சு, அங்க இருந்தவங்க சும்மா விடுவாங்களா. 1913ல கிரவுண்ட் வரக்கூடாதுன்னு அவங்க தாத்தா காலத்து ஆளுங்க எதிர்த்தாங்க, இப்ப கிரவுண்ட் வளரக்கூடாதுன்னு இவங்க. வீட்ட இழக்குறவன் பக்கமும் நின்னு பாக்கணும், அவங்க மேல எனக்குக் கோவமே இல்ல.

புல்லுத் தரையும் சின்னது, கிட்டத்தட்ட 100 மீட்டர் நீளம் 67 மீட்டர் அகலம். கோட்டுக்கும் மொத வரிசை சீட்டுக்கும் நடுவுல எடமே இருக்காது, கார்னர் அடிக்க வர்றவன் பின்னாடி போயி ஓடி வர எடமில்லாம நிப்பான். ஐரோப்பாவோட பெரிய கிளப்புங்க மோதுற சாம்பியன்ஸ் லீக்குக்கு விளம்பர போர்டு வைக்க எடம் விட்டா சீட்டு இன்னும் கொறையும். அதனால 1998லயும் 1999லயும் சாம்பியன்ஸ் லீக் ஹோம் மேட்ச வெம்ப்லியில வச்சாங்க. ஆட்டத்துல ஒண்ணும் வெளங்கல, ரெண்டு தடவையும் குரூப்லயே வெளிய. ஆனா லென்ஸ் டீமோட நடந்த மேட்சுக்கு வந்த கூட்டம் 73,707, சண்டர்லாண்ட் ரெகார்டையே தாண்டிடுச்சு. நிர்வாகம் அன்னிக்கே புரிஞ்சுக்கிச்சு, ஒவ்வொரு வாரமும் வாசல்ல இன்னொரு கிரவுண்ட் அளவு ஆளுங்கள டிக்கெட் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டு இருக்கோம், அந்தப் பக்கம் மான்செஸ்டர் யுனைடெட்டோட ஓல்ட் டிராஃபோர்ட்ல 55,000 பேரு உக்காந்து காசு குடுக்குறான்னு. வெம்ப்லிய வாங்கலாமான்னு கூடப் பாத்தாங்க, நடக்கல. கடைசியில ஹைபரியிலேருந்து நடக்குற தூரத்துலயே, ஆஷ்பர்ட்டன் குரோவ்னு குப்பை கையாளுற எடம் ஒண்ணு கெடச்சுது, 390 மில்லியன் பவுண்டு செலவுல 60,000 சீட்டு எமிரேட்ஸ் ஸ்டேடியம். கிளப் ஏரியாவ விட்டுப் போகல, அது பெரிய ஆறுதல்.

இதுக்கு நடுவுல அந்த சின்னப் புல்லுலதான் மேனேஜர் வெங்கரோட டீம் எந்தக் காலத்துலயும் பாக்காத ஆட்டத்த ஆடுச்சு. 2003-04ல ஒரு லீக் மேட்ச் கூட தோக்கல. அந்த சீசனோட கடைசி மேட்ச் 2004 மே 15, ஹைபரியில, எதிரணி லெஸ்டர், ஸ்கோர் 2-1. தொண்ணூறு வருஷம் கழிச்சு அதே ஊரு, அதே ஸ்கோர்.

2006 ஏப்ரல்ல வில்லாரியலோட சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனல் நடக்கும்போது ஒரு அணில் உள்ள வந்து பெனால்ட்டி ஏரியாவுல ஓடிட்டு இருந்துச்சு, பாத்திருப்பீங்க. எல்லாரும் ரசிச்சாங்க. எனக்கு அத பாத்ததும் தோணுனது, சுவத்துக்கு அந்தப் பக்கமே வீட்டுத் தோட்டமும் மரமும் இருக்குற கிரவுண்ட்ல மட்டும்தான் இது நடக்கும்னு.

கடைசி மேட்ச் 2006 மே 7, விகன். ஞாயித்துக்கிழம ராத்திரி நம்ம ஊர்ல டிவி முன்னாடி உக்காந்து பாத்தேன். அந்த வருஷம் பூரா 1913 ஞாபகமா அடர்சிவப்பு ஜெர்சி. நாலாவது எடம் வேணும்னா டாட்டன்ஹாமை விட நல்ல ரிசல்ட் வேணும், ஒரு கட்டத்துல விகன் 2-1 முன்னாடி போயிடுச்சு, வயித்தக் கலக்கிடுச்சு. அந்தப் பக்கம் டாட்டன்ஹாம் ஆளுங்க மொத நாள் ராத்திரி ஓட்டல்ல பாதிப்பேரு வயிறு கெட்டு, வெஸ்ட் ஹாம்கிட்ட 2-1 தோத்தாங்க. இங்க நம்ம ஆர்சனல் ஆட்டக்காரன் தியரி ஹென்றி ஹாட்ரிக், மூணாவது பெனால்ட்டி, போட்டுட்டு அப்படியே மண்டி போட்டு குனிஞ்சு புல்லுக்கு முத்தம் குடுத்தாரு. 4-2. ஹைபரியில விழுந்த கடைசி கோல் அதுதான். அந்த முத்தத்த எப்பப் பாத்தாலும் எனக்குத் தொண்ட அடைக்கும்.

அதுக்கப்புறம் ஈஸ்ட் ஸ்டாண்டோட முகப்பையும் வெஸ்ட் ஸ்டாண்டோட வெளிச்சுவத்தையும் வச்சுக்கிட்டு உள்ள கொடஞ்சு வீடாக்குனாங்க, 13 வருஷமே ஆன நார்த் பேங்க்கையும் கிளாக் எண்டையும் இடிச்சு அங்கயும் வீடு. மொத்தம் 711. 2008 பொருளாதார நெருக்கடியில விக்கிறது தடுமாறி கிளப்புக்கு கொஞ்ச நாள் தூக்கம் போச்சு, 2010 வாக்குல கடன் அடஞ்சுது. புது ஸ்டேடியக் கடனுக்காக ஒவ்வொரு வருஷமும் நல்ல ஆட்டக்காரன வித்து, 2005க்கு அப்புறம் 2014 வரைக்கும் கோப்பையே இல்லாம கெடந்தது தனிக் கத. பெனால்ட்டி ஸ்பாட் இருந்த எடம், ஹென்றி மண்டி போட்ட எடம், எல்லாம் இப்ப குடியிருக்கிறவங்களுக்கான தோட்டம், அதுக்கு அடியில கார் பார்க்கிங். அந்தத் தோட்டத்த நாலு பக்கத்துலேருந்தும் ஜன்னல் பாத்துட்டு இருக்கு, முன்னாடி சீட்டு பாத்த மாதிரியே.

கிளாக் எண்ட் கடிகாரத்த எமிரேட்ஸ்க்கு எடுத்துட்டுப் போயி வெளிப்பக்கமா மாட்டிட்டாங்க. மேட்ச் நாள்ல ஆர்சனல் ஸ்டேஷனோட அந்தக் குறுகலான சாய்வுப் பாதையில, நடுவுல கம்பி போட்டுப் பிரிச்ச வழியில, கூட்டம் இன்னும் நெருக்கிட்டுத்தான் மேல ஏறி வருது. வெளிய வந்ததும் எல்லாரும் புது ஸ்டேடியம் பக்கம் திரும்பிடுவாங்க. வயசான சிலபேரு மட்டும் பழக்கத்துல எதிர்ப்பக்கம் போயி அவெனெல் ரோட்டு முகப்ப ஒரு தடவ பாத்துட்டு, அப்புறம் நடந்து வருவாங்க.